நடுத்தட்டில் இருக்கவேண்டிய ஊசி

எங்கள் வீட்டு பிரிஜ் கதவில் நான் ஒரு தாள் ஒட்டினேன். அது அரை நாள்கூட அங்கே இருக்கவில்லை. இருந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே வந்திராது. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. "விடு, மற, ஆறப்போடு" என்று புத்தி சொல்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஆறவில்லை. ஆற விடுகிற உத்தேசமும் இல்லை.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடியில் எங்கள் வீடு. நான், என் கணவர், நான் மாமி என்று கூப்பிடுகிற அவருடைய அம்மா, மூன்றே பேர். அவர்கள் யாழ்ப்பாணம். நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. கலியாணமாகி எட்டு வருடத்தில் நானும் "ஓம்" என்றும் "வந்தனான்" என்றும் பேசப் பழகிவிட்டேன். கோபம் வந்தால் மட்டும் கொட்டாஞ்சேனை தானாக வாயில் வந்துவிடும்.

எட்டு வருடமாகப் பிள்ளை இல்லை. "இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் இல்லை. சட்டை தைக்கிற அக்கா கேட்டார். மரக்கறிக் கடைக்காரர் கேட்டார். லிஃப்டில் ஒரு மாடி கூட வருகிறவர் அதற்குள் கேட்டுவிட்டு இறங்கினார். கேட்பதற்கு யாருக்கும் வெட்கமில்லை. பதில் சொல்வதற்குத்தான் நாங்கள் வெட்கப்படவேண்டுமாம்.

கடைசியில் குழந்தைப்பேற்று கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் என் பரிசோதனைத் தாள்களைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். எனக்குக் கருமுட்டை குறைந்துகொண்டே போகிறது. மாதத்துக்கு ஒன்றாக வளர்கிற முட்டையை, ஹோர்மோன் ஊசி போட்டு ஒரேயடியாகச் சிலவற்றை வளரவைத்து, வெளியே எடுத்துக் கருவாக்கிப் பார்க்கலாம். "உங்களுடைய சொந்த முட்டை என்றால் இந்த ஒரு சுற்றுத்தான் நான் செய்வேன். இது சரிவராவிட்டால் இன்னொருவருடைய முட்டையைப் பற்றித்தான் யோசிக்கவேண்டும்." அவ்வளவுதான். எனக்கு இருந்தது ஒரே ஒரு தரம்.

ஊசி போடக் கற்றுத்தந்தவர் அங்கிருந்த தாதி. சிங்களப் பெண், என்னைவிட இளையவர், பொறுமையான பிள்ளை. மருந்து ஒரு தடித்த பேனா மாதிரி இருந்தது. பின்பக்கக் குமிழைத் திருப்பி டொக்டர் எழுதிய எண்ணில் நிறுத்தவேண்டும். பஞ்சு அடைத்த ஒரு தலையணைத் துண்டில் குத்திக் காட்டிவிட்டு, என் கையில் தந்து குத்தச் சொன்னார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிடு. சதையோடு கிள்ளிப் பிடித்து நேராக இறக்கு. குமிழை முழுதாக அழுத்திப் பத்து எண்ணும்வரை வெளியே இழுக்காதே.

"பத்து எண்ணாம எடுத்தா மருந்து வெளிய வந்துரும், மிஸ்" என்றார். என்னை அவர் மிஸ் என்பார், நான் அவரை மிஸ் என்பேன். "இன்னைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம். ஒரு ஊசிமுனை ஒரு தரம்தான். குப்பைப் பையில போட வேணாம், குப்பை எடுக்கிற ஆளுக்குக் குத்தும். மூடி உள்ள கெட்டி டப்பாவுல போட்டு எங்ககிட்ட கொண்டு வாங்க. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். மறந்துட்டா அடுத்த நாள் ரெண்டு மடங்கு போட வேணாம், எனக்கு போன்ல கோல் எடுங்க. வயிறு ஊதி மூச்சு எடுக்கக் கஷ்டமா இருந்தா நேரம் பாக்க வேணாம், உடனே வாங்க."

பிறகு ஒரு தமிழ்த் தாளை எடுத்து, ஒரு வரியைச் சிவப்புப் பேனையால் சுற்றி வளைத்தார். "பிரிஜ்ல நடுத்தட்டு. கதவுப் பக்கம் வேணாம். பிரீசர்ல எப்பவுமே வேணாம், மிஸ். ஐஸ் ஆனா இந்த மருந்து செத்துரும். உருகினா திரும்ப நல்ல மருந்து மாதிரியே இருக்கும், கண்ணால பாத்து ஒண்ணும் தெரியாது."

இந்தத் தாளைத்தான் அன்று பின்னேரமே பிரிஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். அடுத்த நாள் காலை மாமி குளித்துவிட்டு வந்தார். கண்டார். நான் பிளேன்டீ ஆற்றி முடிக்குமுன் தாள் கழன்றுவிட்டது.

"பிள்ளை, இதென்ன கோலம்? வாற போற சனம் வாசிக்கவோ?"

"மாமி, அதில எப்பிடி வைக்கிறது எண்டு எல்லாம் போட்டிருக்கு."

"எனக்கு விளங்கும். குளிருக்க வைக்கவேணும், அவ்வளவுதானே?"

அவ்வளவுதானே! அந்த ஒரு சொல்லில் என் வாழ்க்கையே இருந்தது. எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை. தாளை நாலாக மடித்து, சாமி அறையில் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தார். பேனாக்கள் இரண்டையும் பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றுக்குள் போட்டு மூடினார், பெயர் தெரியக்கூடாதாம். நடுத்தட்டில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்தார். நல்லது நடக்குமுன் நாலு பேர் அறிந்தால் அது நடவாது, நாவூறு பொல்லாதது என்று ஒரு பிரசங்கமும் நடந்தது. எட்டு வருடமாக ஊர் முழுக்க என் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது மாமிக்குத் தெரியாததா? ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்கு என்னையும் நான் திட்டிக்கொள்ளத்தான் வேண்டும். ஒஃபிஸில் கேட்டவர்களுக்கு கேஸ்ட்ரைட்டிஸ் என்று சொன்னேன். என் அம்மாவுக்கே சொல்லவில்லை. கொட்டாஞ்சேனைக்குச் சொன்னால் கோயிலில் நேர்த்திக்கடன் வைத்துவிடுவார்கள் என்று மாமிக்குப் பயம்.

நேரம் இரவு ஏழரை என்று முடிவு செய்தோம். முதல் நாள் குமிழின் எண்ணை இரண்டு தரம் சரிபார்த்தேன். கணவர் பக்கத்தில் நின்றார், கண்ணை மூடிக்கொண்டு. "நீர் கெட்டிக்காரி" என்றார், கண்ணைத் திறக்காமலே. நான்தான் குத்தினேன், நான்தான் பத்து எண்ணினேன். கீழே கடற்கரைப் பாதையில் ரயில் போனால் சத்தத்தில் எண்ணிக்கை பிசகும் என்று விரலை மடக்கி எண்ணுவேன். இடப்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம். ஐந்தாம் நாள் காலை ஸ்கேனுக்குப் போனேன். திரையில் கறுப்புக் கறுப்பாகச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு முட்டை வளர்கிற பை. டொக்டர் எண்ணினார், இன்னொரு தரம் எண்ணினார். ஐந்து!

"நான் இரண்டுதான் எதிர்பார்த்தேன்" என்று சிரித்தார். தாதி என் கையைப் பிடித்து அமர்த்தினார். வீட்டுக்கு வந்து மாமிக்குச் சொன்னேன். அவர் உப்பெடுத்து என் தலையைச் சுற்றிப் போட்டார். அழுதார்கூட. அவருக்கு ஆசையில்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆசை நிறையவே இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

ஆறாம் நாள் கனடாவிலிருந்து ஒரு மாமி வந்திருந்தார். என் மாமனாரின் தங்கை, என் மாமிக்கு மச்சாள். வீட்டு ஆள் மாதிரி, செருப்பைக் கழற்றுமுன் பிரிஜ்ஜைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுக்கிறவர். அவர் வருவதாகக் காலையில் போன் வந்தபோது நான் ஒஃபிஸில். "மச்சாள் அறிஞ்சால் கனடா முழுக்கத் தெரியும்" என்பது மாமியின் பழைய மந்திரம். நான் பின்னேரம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வர, கனடா மாமி விடைபெற்றுக்கொண்டிருந்தார். ஒஃபிஸிலிருந்து வேளைக்கே, எனக்கு முன்னமே, வந்திருந்த கணவர் அவரை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டார்.

ஏழரைக்கு நான் ஐஸ்கிரீம் பெட்டியை எடுத்தேன். வழக்கமான இடத்தில்தான், தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில். ஆனால் பெட்டி முழுக்க ஈரம். உள்ளே பேனாவும் நனைந்திருந்தது.

"இதென்ன, இப்பிடி ஈரம்?" என்று கேட்டேன்.

மாமி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. கணவர்தான் சொன்னார்: "பகல் கரண்ட் போய் வந்தது. வேர்த்திருக்கும்."

நம்பினேன். மருந்து பார்க்கத் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. குத்தினேன், பத்து எண்ணினேன். ஏழாம் நாளும் குத்தினேன். எட்டாம் நாளும் குத்தினேன். அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலை ஸ்கேன். டொக்டர் இந்தத் தரம் சிரிக்கவில்லை. கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்தும் ஐந்தாம் நாள் நின்ற இடத்திலேயே நின்றன, இரண்டு சுருங்கியும் இருந்தன. "ஊசி ஒழுங்காகப் போட்டீர்களா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். எந்தப் பக்கம், எத்தனை மணி, எந்த எண், எல்லாம் சொன்னேன். குழந்தைப் பிள்ளை மாதிரிப் பத்துவரை எண்ணியும் காட்டினேன்.

தாதி மெதுவாகக் கேட்டார்: "மிஸ், பிரீசர்ல வைச்சீங்களா?"

"இல்ல மிஸ். எங்க அம்மா மேல சத்தியமா இல்ல. நடுத்தட்டுலதான்."

"அப்ப அந்தப் பேனாவக் கொண்டு வாங்க, பாப்பம்."

ஓட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். மாமி கோயிலுக்குப் போயிருந்தார். பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். தாதி அதை மேசையில் வைத்து, மூடியைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், பிறகு பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் நகம் அளவுக்கு ஏதோ வெள்ளியாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மாளு நேத?" என்றார். மீன்தானே?

மீன் செதிள். எங்கள் வீட்டில் மீன் இருக்கிற இடம் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய பாரை மீன், பை பையாக, பிரீசரில். அதன் அடியில்தான் என் ஐந்து முட்டைகளின் மருந்து ஒரு பகல் முழுக்கக் கிடந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் மாமி என் பிள்ளையை மீனுக்குள் மறைத்தார்.

கிளினிக் வாசலில் நின்று கணவருக்குக் கோல் எடுத்தேன். "ஊசி பிரீசருக்குள்ள இருந்திருக்கு" என்று மட்டும் சொன்னேன். "என்ன?" என்று கேட்பார் என்று பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"ஆர் சொன்னது?"

ஆர் சொன்னதாம்! அந்த இடத்தில் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அப்ப ஒங்களுக்குத் தெரியும்! தெரிஞ்சுக்கிட்டுத்தான் வேர்த்திருக்குன்னு பச்சப் பொய் சொன்னீங்க! மூணு நாளா நான் செத்த மருந்தக் குத்துறேன், நீங்க நின்னு கெட்டிக்காரின்னு சொல்றீங்க!"

"கத்தாதையும். நான் வரேக்குள்ள, கனடா மாமி ஹோலுக்குள்ள இருக்க, நீர் வாற நேரம் எண்டு அம்மா பெட்டியைப் பிரீசருக்குள்ள இருந்து எடுத்துக்கொண்டிருந்தவ. தெரியாமல் செய்தது. குளிர் கூடினால் இன்னும் நல்லம்தானே எண்டு நினைச்சிருக்கிறா, பாவம். உமக்குச் சொன்னால் நீர் டென்சன் ஆவீர். டென்சன் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்தானே?"

வாசித்துப் பாருங்கள். இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். எனக்கு டென்சன் வரக்கூடாது என்பதற்காக மருந்து செத்த விஷயத்தை மறைத்தாராம். அன்றே ஒரு கோல் எடுத்திருந்தால், அன்று இரவே புதுப் பேனா கிடைத்திருக்கும். ஒரு மணித்தியாலம் பிந்தியிருக்கும், அவ்வளவுதான். அம்மா பாவம். அவர் பாவம். இந்த வீட்டில் பாவமில்லாத ஆள் நான் ஒருத்திதான் போல.

டொக்டர் நிதானமாகத்தான் பேசினார். உறைந்ததில் மருந்தின் வீரியம் எவ்வளவு போனது என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் இனி அதில் ஒரு துளியும் போடக்கூடாது. புதுப் பேனா தருகிறேன், இன்றும் நாளையும் போடுங்கள், மறுநாள் பார்த்து முடிவெடுப்போம் என்றார். தாதி அந்தப் புதுப் பேனாவை ஒரு குளிர்ப் பையில் வைத்து, ஐஸ்கட்டியில் நேராகப் படாமல் துணி சுற்றி, என் தோளில் தானே மாட்டிவிட்டார். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை.

ஒஃபிஸ் முடிந்து, மாமியிடம் கேட்கவேண்டியதை எல்லாம் வழியிலேயே கோர்த்துக்கொண்டு மாடி ஏறினேன். கதவைத் திறந்தால் கனடா மாமி! மறுநாள் விமானம், பயணம் சொல்ல வந்திருக்கிறார். ரோல்ஸ் பொரித்து மேசையில் வைத்திருந்தது. கணவர் என்னைக் கண்டதும் எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப இருந்தார். மாமி சிரித்துக்கொண்டு, "வாரும் பிள்ளை, களைச்சுப்போனீர்" என்றார். கோர்த்த வார்த்தை எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மரியாதை! விருந்தாளிக்கு முன்னால் சண்டை பிடிக்கக்கூடாதாமே. அரை மணித்தியாலம் ரொறொன்ரோவின் பனியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

ஏழரை ஆனது. நான் எழுந்து போய்க் கை கழுவினேன். குளிர்ப் பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில், ரோல்ஸ் தட்டை ஒதுக்கிவிட்டு வைத்தேன். பேனாவை எடுத்தேன், ஸ்பிரிட் பஞ்சை எடுத்தேன்.

மாமியின் முகம் வெளிறிவிட்டது. "பிள்ளை, அறைக்குள்ள போம்."

"ஏன் மாமி? இங்க லைட் நல்லாத்தான இருக்கு."

"இஞ்சாரும்..." என்று கணவர் தொடங்கினார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திவிட்டார். சட்டையை நாலு விரல் உயர்த்தி, துடைத்து, காயவிட்டு, கிள்ளிப் பிடித்துக் குத்தினேன். குமிழை அழுத்தி, வாய்விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து. எடுத்தேன். ஊசிமுனையைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினேன்.

கனடா மாமி கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஏதோ பழைய ஆளைக் கண்ட மாதிரிப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து எண்ணினது சரி, பிள்ளை" என்றார். "என்ர மகளுக்கு நான்தான் குத்திவிட்டனான். அவளுக்கு மூண்டு தரம் செய்தது. மூண்டாம் தரம்தான் பேரன் தங்கினவன்."

மாமிக்கு வாய் திறந்தபடியே நின்றது. "மச்சாள்! நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே!"

"சொல்லுறதோ? நாவூறு பட்டிடும் எண்டு நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. உங்களுக்கும்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு மட்டும் கவனம், பிள்ளை. உந்த ஊசியைப் பிரீசருக்குள்ள மட்டும் வைச்சிடாதையும். மகளின்ர முதல் தரம் அப்பிடித்தான் பழுதாய்ப் போனது. வீட்டுக்கு ஆக்கள் வந்தவை எண்டு ஒளிச்சு வைச்சனான். பாழாய்ப்போன நான்தான் வைச்சனான்."

மாமி தரையைப் பார்த்தார். கணவர் ஓடாத டீவியைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தில் யாரைப் பிடித்துக் கத்துவது என்றே தெரியவில்லை. ஒளித்தவரை விடவா, ஒளித்ததை ஒளித்தவரை விடவா, ஒளித்துக் கெட்டும் ஊருக்குச் சொல்லாமல் விட்டவரை விடவா? கொட்டாஞ்சேனைதான் வாயில் வந்தது.

"இத மூணு நாளைக்கு முன்னால இங்க வந்தப்பவே சொல்லியிருக்கலாமே, மாமி!"

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு என் மாமியைப் பார்த்தார். பிறகு விளங்கியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த நாளும் போட்டேன். பதினோராம் நாள் ஸ்கேனில் ஒரே ஒரு வட்டம் மீந்திருந்தது, அதுவும் வளரவில்லை. டொக்டர் திரையை அணைத்துவிட்டு, "இத்துடன் நிறுத்துவோம்" என்றார். தாதி என்னை ஓட்டோ வரை கொண்டுவந்து விட்டார்.

வீட்டுக்கு வந்து, செருப்போடு நேரே சாமி அறைக்குப் போனேன். பஞ்சாங்கத்துக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். நாலு மடிப்பையும் நீவி, பிரிஜ் கதவில், சிவப்பு வட்டம் கண்ணுக்கு நேரே வரும்படி காந்தத்தால் ஒட்டினேன். மாமி குசினி வாசலில் நின்றார். அழுத கண்.

"இனி என்னத்துக்குப் பிள்ளை அது?"

"வாற போற சனம் வாசிக்கட்டும், மாமி" என்றேன்.

இந்தத் தரம் அதை அவர் கழற்றவில்லை.